மார்பகச் சுயபரிசோதனையும் இல்லத்து வழக்கமும்

இலங்கைப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கின்றது. தொடக்க நிலையிற் கண்டுகொள்ளப்படின் பெரும்பாலும் குணமாக்கத்தக்க நோய் இது. ஆயினும், காலந்தாழ்த்தி வைத்தியரை நாடுவதனால் இழக்கப்படும் உயிர்கள் பல. இதனாற்றான் இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மாதந்தோறும் தம் மார்பகங்களைத் தாமே பரிசோதித்தல் வேண்டுமென நம் நாட்டுச் சுகாதாரத் துறையினர் வலியுறுத்தி வந்துள்ளனர். இவ்வறிவுரையின் பயன் யாது, எல்லை யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

எல்லையை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும். சீனாவின் ஷாங்காய் நகரில் 1989 தொடக்கம் 1991 வரை பஞ்சாலைத் தொழிலாளரான 266,064 பெண்கள் ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டு, ஏறக்குறையச் சமமான இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சுயபரிசோதனை முறை செவ்வனே பயிற்றப்பட்டது. மறு பிரிவினருக்குப் பயிற்றப்படவில்லை. 2002 இல் வெளியான முடிவின்படி, மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் முதற் பிரிவில் 135 பேர். மற்றையதில் 131 பேர். பயிற்சி பெற்றோரிடம் புற்றல்லாத கட்டிகளே கூடுதலாகக் கண்டறியப்பட்டன. இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2015 இல் இப்பரிசோதனையைத் தன் பரிந்துரைகளினின்றும் நீக்கிவிட்டது.

அங்ஙனமாயின் இவ்வழக்கத்தைக் கைவிடலாமோ எனின், அன்று என்பதே நம் கருத்து. ஷாங்காயில் அளக்கப்பட்டது முறைப்படி பயிற்றுதலின் பயன். கண்ட மாற்றத்தை உடனே வைத்தியரிடம் காட்டுவதன் பயன் அன்று. மும்பையில் 1998 இல் தொடங்கிய பிறிதோர் ஆய்வு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. அங்கே பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் ஈராண்டுக்கொருமுறை பெண்களின் மார்பகங்களைக் கையாற் பரிசோதித்தனர். 2021 இல் வெளியான முடிவு, நோய் முன்னதான நிலையிற் கண்டறியப்பட்டதையும், ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 வீதம் குறைந்ததையும் காட்டிற்று. இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. எனவே வீட்டிற் செய்யும் பரிசோதனை, பயிற்சி பெற்ற கைக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டுமளவிற்கே பயனுடையதென்க.

மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையுள்ள காலம் இதற்கு உகந்தது. அப்பொழுது மார்பகத்தின் வீக்கமும் நோவும் தணிந்திருக்கும். தனியான நினைவூட்டல் எதுவும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முழுகும் வழக்கமுள்ள வீடுகளில், மாதவிடாய் நின்றபின் வரும் முதல் வெள்ளியையே இதற்குரியதாக்கலாம். மாதவிடாய் முற்றாக நின்றுவிட்டோர்க்குப் போயா விடுமுறை மாதந்தவறாது வந்துகொண்டேயிருக்கின்றது.

கண்ணாடிமுன் நின்று கைகளைத் தாழ்த்தியும் உயர்த்தியும் இடுப்பில் ஊன்றியும் பார்த்தல் வேண்டும். தோலிற் குழிவிழுதல், தோடம்பழத் தோல்போற் சொரசொரப்பாதல், முலைக்காம்பு புதிதாக உள்வாங்குதல், அதைச் சூழப் புண்ணுண்டாதல், இரத்தங் கசிதல் ஆகியன கவனிக்கத்தக்கன. பின்னர்ப் படுத்து, தோளின்கீழ் மடித்த துவாயொன்றை வைத்து, எதிர்க்கையின் நடு மூவிரல்களின் உட்புறத்தாற் சிறு வட்டங்களாக அழுத்தித் தடவுக. முதலில் மெதுவாகவும், அடுத்துச் சற்று அழுத்தியும், பின்னர் ஆழமாகவும் அழுத்துதல் முறை. காறையெலும்பு முதல் மார்பின் கீழ் விளிம்பு வரை மேலுங்கீழுமாகச் சென்று, அக்குளையும் விடாது பார்த்தல் அவசியம். சோப்பு நுரை படிந்த தோலில் விரல் எளிதாக வழுக்குமாதலின், குளிக்கும்பொழுதே தடவிப் பார்த்தலும் நன்று. இரண்டு மூன்று மாதங்களில் தன் மார்பகத்தின் இயல்பான அமைப்பு ஒருத்திக்குப் பழகிவிடும். அதன்பின் தேடவேண்டியது புதுமையொன்றையே.

புதுமை தென்பட்ட பின்னர் நிகழ்வதே நம்மைக் கவலைக்குள்ளாக்குகின்றது. நோவில்லாதது ஆறுதலாகிவிடுகின்றது, உண்மையிலோ தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. பிள்ளையின் பரீட்சை முடியட்டும், மகளின் கலியாணம் ஒப்பேறட்டும் என மாதங்கள் கழிகின்றன. பரம்பரை வியாதியெனப் பெயர் வந்தாற் குமர்ப்பிள்ளைகளின் சம்பந்தங் குழம்பிவிடுமென்ற அச்சமோ இவையனைத்தினும் வலிது. மார்பகப் புற்றுநோயுற்றோருள் ஏறக்குறைய 5 முதல் 10 வீதத்தினரிடமே பரம்பரை அலகின் மாற்றம் காரணமாக அமைகின்றது என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் அறிதல் வேண்டும். மனைவி கூறியவுடன் வைத்தியசாலைக்கு உடன் செல்லவேண்டியவர் பெரும்பாலும் அவர்களே.

தென்படும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றல்ல. எனினும் அதனை விரலால் தீர்மானித்தல் இயலாது. 1996 தொடக்கம் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. அவை நடைபெறும் நாளை அவ்வப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். மேற்சிகிச்சைக்கு மகரகமையையே நம்பியிருந்த வடபுலத்தார்க்கு, 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதிகொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்துள்ளது. அங்கு செல்வோர், மாற்றத்தை முதன்முதற் கண்ட நாளையும், எப்பக்கத்து மார்பகமென்பதையும், அடுத்த மாதவிடாயின்பின் அது மாறியதா என்பதையும் குறித்துச் செல்வாராயின் வைத்தியரின் வேலை பாதி இலகுவாகும்.