ஊர் மிளகாயும் ஒரு துணிப் பையும்

விடுமுறை முடிந்து பெங்களூர் திரும்பும் நம்மவர் பெட்டியில் ஊர் மிளகாய் வற்றல் ஒரு பொட்டலமாவது இருக்கும். முந்திய ஆண்டு, இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் வற்றலின் விதையை எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் விதைத்தேன். பக்கத்துத் தொட்டியில், நீண்டு சுருங்கிய பியாடகி மிளகாய். இரண்டும் நன்றாகக் காய்த்தன. குண்டுப் பழத்தின் விதையையே சென்ற ஆண்டு மீண்டும் விதைத்தேன். அவற்றுள் சில செடிகள் உருண்டையுமின்றி நீளமுமின்றி நடுத்தரமான காய்களைத் தந்தன. ஊர் மிளகாய் கைநழுவிப் போயிற்று! காரணம் யாது?

தேனீதான் காரணம். மிளகாய்ப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே உள்ளன. தன் மகரந்தத்தாலேயே அது சூல் கொள்ளக்கூடும். ஆயினும் தேனீ வந்தமர்ந்தால் அயல் மகரந்தமும் சேர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அக்கலப்பு அவ்வாண்டுக் காயின் வடிவில் தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்ச்செடியின் உடலே. கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து, அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும். காரம் விதையில் பிறக்கிறது என்பதும் தவறான எண்ணமே. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பகுதியில்தான் காரப்பொருளான கேப்சைசின் உண்டாகிறது.

தேனீ தற்செயலாகச் செய்வதை நாம் திட்டமிட்டே செய்யலாம். மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையில் தேர்ந்து, இதழ்களை மெல்ல விலக்கி, உள்ளிருக்கும் ஐந்தாறு மகரந்தப் பைகளைக் கூரிய இடுக்கியால் அகற்றவேண்டும். பை முன்பே வெடித்திருந்தால் அம்மொட்டு பயன்படாது. மெல்லிய துணிப் பையால் மூடி வைத்து, மறுநாள் காலை, தந்தையாகத் தேர்ந்த செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மீண்டும் மூடி, அடையாளத்திற்குக் காம்பில் நூல் கட்டவேண்டும். காய் நன்கு சிவந்து பழுத்த பின்னரே விதை எடுக்கலாம்.

பெற்றோர் தூய வகைகளாயின் முதல் தலைமுறைச் செடிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் விதையை விதைத்தாலோ, இரண்டாம் தலைமுறையில் பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி வேறுபடும். மெண்டல் பட்டாணியில் கண்ட விதி இங்கும் தொழிற்படுகிறது. விரும்பிய செடியைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்தால்தான் நிலையான புது வகை கிட்டும். நம் நகரை அடுத்த எசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்க்கா மேகனா’ போன்ற முதல் தலைமுறைக் கலப்பின மிளகாய்களை உருவாக்கியுள்ளது. அத்தகைய கலப்பினத்தின் விதையைச் சேமித்து விதைத்தால் அதே பயிர் வராததும் இதனாலேயே.

கருஞ்சிவப்பு நிறமும் குறைந்த காரமும் கொண்ட பியாடகி 2011இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் குண்டு மிளகாய் 2023இல் பெற்றது. அதன் நிறமும் இதன் காரமும் ஒரே காயில் கூடவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை மூலவகை அழியாதிருக்க வேண்டுமல்லவா? அதற்கும் அதே துணிப் பைதான் வழி. மகரந்தப் பைகளை அகற்றாமல், மலருமுன் மொட்டை மூடி, காய் பிடித்தபின் பையை நீக்கி, நூல் கட்டிய காயின் விதையை மட்டும் சேமித்தால் போதும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் மிளகாய் விதையும் கொஞ்சம் கொண்டு வாருங்கள். தொட்டி நம் மாடியில் இருக்கிறது. பை தைப்பதற்குப் பழைய வேட்டித் துணியே போதும்!