ஸ்டிக்கர் சொல்லாத சங்கதிகள்

ரைசன் 5 7520யு. ரைசன் 5 7530யு. கடையில் அடுத்தடுத்து வைத்திருக்கும் இரண்டு லேப்டாப்களில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தோன்றாது. உள்ளே இருப்பதோ வேறு வேறு. முதலாவதில் 4 கோர்கள். அதன் அடிப்படையான ஜென் 2 வடிவமைப்பு 2019-ல் அறிமுகமானது. இரண்டாவதில் 6 கோர்கள்; ஜென் 3, 2020-ன் சரக்கு. இதே வரிசையில் 7540யு என்று இன்னொன்றும் உண்டு. அதற்குள் இருப்பது 2022-ல் வந்த ஜென் 4. மூன்றுமே 'ரைசன் 5', மூன்றுமே '7000 வரிசை'. மூன்றையும் 2023-ல் "லேட்டஸ்ட் மாடல் சார்" என்று சொல்லி விற்க முடிந்தது, சொன்னதில் பொய்யும் இல்லை.

ஏஎம்டி நிறுவனம் 2022-ல் இந்தப் பெயர் முறையை அறிவித்தபோது, எந்த எண் எதைக் குறிக்கும் என்ற அட்டவணையையும் சேர்த்தே வெளியிட்டது. முதல் எண், மாடல் எந்த ஆண்டுக்கானது என்பதைச் சொல்கிறது. வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது எண். ரகசியம் ஏதுமில்லை, வாங்குகிறவரின் கண் முதலில் விழும் இடத்தில் ஆண்டையும், விழாத இடத்தில் வயதையும் வைத்தார்கள், அவ்வளவே.

போட்டியாளரான இன்டெல் சும்மா இருக்கவில்லை. 2023 டிசம்பரில், ஏஎம்டி-யின் இந்தப் பெயர்களை லேகியம் விற்கிற வேலை என்கிற தொனியில் கிண்டலடித்து ஒரு விளக்கத் தொகுப்பை வெளியிட்டது. பிறகு தானே அதை நீக்கியும்விட்டது. அடுத்த மாதமே அதே இன்டெல் 'கோர் 5 120யு', 'கோர் 7 150யு' என்று புத்தம்புதுப் பெயர்களோடு சிப்களை இறக்கியது. அவற்றின் உள்ளே இருந்தது முந்தைய தலைமுறையான ராப்டர் லேக். அப்போதைய புதிய வடிவமைப்பு 'அல்ட்ரா' என்ற சொல் ஒட்டிய பெயர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 7520யு மோசமான சிப் இல்லை. பாடம் படிக்க, கணக்கு எழுத, படம் பார்க்க அது போதும். அதற்கு 7530யு-வின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

எண்களுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பலர் கவனிப்பதில்லை. 'யு' என்றால் ஏறத்தாழ 15 வாட் மின்சாரத்தில் ஓடும்படி செய்தது. 'எச்' என்றால் 45 வாட். பிள்ளைக்கு "ஐ7-தான் வேணும்" என்று கேட்டு வாங்கும் பெற்றோருக்கு இது ஓர் அதிர்ச்சி: இன்டெலின் 12-ஆம் தலைமுறையில் ஐ7-1255யு சிப்பில் 10 கோர்கள், அவற்றில் வேகமானவை 2. அதைவிடக் 'குறைந்த' ஐ5-12500எச் சிப்பில் 12 கோர்கள், அவற்றில் வேகமானவை 4. வீடியோ எடிட்டிங் போன்ற நீண்ட வேலையில் ஐ5 முந்திப் போகும். பதிலுக்கு, ஐ7-யு இருக்கும் இயந்திரம் இலேசாகவும் சத்தமில்லாமலும் இருக்கும். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. 5-ஐவிட 7 பெரியது என்ற கணக்கு இங்கே செல்லாது.

பிற்பாடு மாற்ற முடியாதவை

கணினிப் பைத்தியங்கள் பலரும் லேப்டாப்பை வேறு வரிசையில் பார்ப்பார்கள். ப்ராசசரையும் ஜிபி-யையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வாங்கிய பிறகு எதையெல்லாம் மாற்றவே முடியாது என்று முதலில் கேட்பார்கள். எஸ்எஸ்டி-யை மாற்றலாம், பெரும்பாலான மாடல்களில் சில திருகுகளைக் கழற்றினால் வேலை முடிந்தது. திரை, கீபோர்டு, மூடியைத் தாங்கும் கீல், சூடு வெளியேறும் வழி ஆகியவற்றோடு ஆயுசுக்கும் குடித்தனம் நடத்தியாக வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ '512 ஜிபி எஸ்எஸ்டி'.

திரையை எடுத்துக்கொள்வோம். 'ஃபுல் எச்டி, ஐபிஎஸ்' என்பதோடு விவரப்பட்டியல் நின்றுவிட்டால் சந்தேகப்படலாம். மலிவு மாடல்கள் பலவற்றின் விவரத்தைத் தோண்டிப் பார்த்தால் '250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி' என்று கிடைக்கும். நிட்ஸ் வெளிச்சத்தின் அளவு. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்ய 250 போதாது, 300-க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த 45% என்டிஎஸ்சி, திரை காட்டும் நிறங்களின் அளவு; அதுதான் இன்னும் பெரிய சங்கதி. இணையத்தில் பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி வண்ண வரம்பில் அது மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. பட்டுப்புடவைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்கிற ஒருவர் இந்தத் திரையில் நிறத்தைச் சரிசெய்தால், அரக்குச் சிவப்பு வாடிக்கையாளரின் போனில் வேறு சிவப்பாகத்தான் போய்ச் சேரும். '100% எஸ்ஆர்ஜிபி' என்று எழுதியிருக்கும் மாடலுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ப்ராசசரில் ஒரு படி ஏறுவதைவிட அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ராம் விஷயத்தில் நிலைமை இரண்டுங்கெட்டான். சில லேப்டாப்களில் அது தனி அட்டையாக இருக்கும், கழற்றி மாட்டலாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் மதர்போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுகிறார்கள். முன்னால் சொன்ன 7520யு அதற்கு நல்ல உதாரணம்: அது எல்பிடிடிஆர்5 வகை ராமை மட்டுமே ஏற்கும். அந்த வகை பலகையில் ஒட்டித்தான் வரும். 8 ஜிபி-யோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி-தான். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதிலிருந்தே போகும் என்பதால், கைக்குக் கிடைப்பது 8-க்கும் குறைவு. ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 16 ஜிபி-க்கு உயர்த்தியது.

கழற்றி மாட்டும் வசதி இருந்தால் 8 ஜிபி-யோடு வாங்கி, அப்புறம் விலை இறங்கும்போது கூட்டிக்கொள்வது பழைய தந்திரம். இப்போது அதை நம்பிச் சொல்ல முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு நன்கு பழக்கமான தன் 'குரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது.

அதே செயற்கை நுண்ணறிவின் பெயரில் ஒட்டப்படும் 'ஏஐ பிசி' ஸ்டிக்கருக்கு அதிக மரியாதை தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் தன் 'கோபைலட் பிளஸ்' முத்திரைக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) திறனுள்ள தனி சிப் பகுதி வேண்டும் என்று 2024 மே மாதம் நிபந்தனை வைத்தது. அதற்கு முன் 'ஏஐ பிசி' என்றே விற்ற முதல் தலைமுறை கோர் அல்ட்ராக்களில் இருந்தது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. சாட்ஜிபிடி எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுகிறது. உங்கள் லேப்டாப்பில் எத்தனை டாப்ஸ் என்று அது கேட்பதில்லை.

கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். லேப்டாப்புக்கான அந்த கிராபிக்ஸ் சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மின்சாரம் குறைந்தால் வேகமும் குறையும். 'டிஜிபி' என்று சிறிய எழுத்தில் அந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

கம்பெனிகள் கழித்தவை

இதையெல்லாம் படித்த பிறகு, முப்பதாயிரத்துக்குள் புது லேப்டாப்பில் நல்ல திரையும் கீபோர்டும் சேர்ந்து அமைவது கடினம் என்று தோன்றினால், அது சரியான கணிப்புதான். ஆர்வலர்கள் அந்த விலையில் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக ரகங்களைப் பழையதாக வாங்குவார்கள். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றை மொத்தமாகக் கழித்துவிட, அவை சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கும் வந்து சேர்கின்றன. உறுதியான கட்டமைப்பு, விரலுக்கு இதமான கீபோர்டு. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற பழுதுபார்ப்புக் கையேட்டையும் தயாரிப்பாளர்களே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வீட்டு உபயோக மாடல்கள் எல்லாவற்றுக்கும் இந்த யோகம் கிடையாது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலின் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான், சொற்ப விதிவிலக்குகள் தவிர, முறைப்படி ஏறும். அதனால் 6, 7-ஆம் தலைமுறை 'ஐ7' இயந்திரங்களை, இது தெரியாதவர் தலையில் கட்டுவது சுலபம். ஐ7-7600யு என்பதில் கோட்டுக்கு அடுத்து வரும் 7 தலைமுறையைக் குறிக்கிறது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் ஒழிய, அந்த இடத்தில் 8-க்குக் கீழே போக வேண்டாம்.

கடையிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். பேட்டரியின் நிலையைக் காட்டும் அறிக்கையை எடுக்க விண்டோஸிலேயே கட்டளை இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த கொள்ளளவையும் இப்போது மிஞ்சியிருப்பதையும் அது அருகருகே காட்டும். அறுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். அடுத்து, இயந்திரத்தை அணைத்து, மறுபடி போட்டு, பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் கடவுச்சொல்லைக் கேட்டால், கடைக்காரர் "அதெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம் சார்" என்பார். அவரே எடுத்துக் கொடுக்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.