கோழியிடம் தோற்ற முயல்

ஐரோப்பாவில் முயல் கறி வியாபாரம் ஏன் இப்படிப் படுத்துவிட்டது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "வீட்டுக்கு வீடு செல்லமாக வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சாப்பிட எப்படி மனசு வரும்?" கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. மீதிப் பாதி தீவன மூட்டையிலும் அறுப்புக்கூடத்திலும் அடுப்படியிலும் கிடக்கிறது. ஒரே மடக்கில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. டீயை ஆற்றி ஆற்றிக் குடியுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம்? நம் ஊர் வரப்போரம் வெருண்டு ஓடும் காட்டு முயல் வேறு. அது வளை தோண்டாது. அதை வேட்டையாடினால் வனத்துறை கேஸ் போடும். பண்ணையில் வளர்வது வளை தோண்டும் முயல். அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும், ஒட்டியிருக்கும் தென்மேற்குப் பிரான்சும். உலகில் எந்தப் பண்ணைக் கூண்டில் எந்த நிறத்தில் இருந்தாலும், கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் சோவியத் சின்சில்லா வரைக்கும், அத்தனையும் அந்த வம்சம்தான்.

பிறந்த மண்ணிலேயே அதைச் சமைக்கும் பழக்கமும் ஊறியிருக்கிறது. வலென்சியாவின் பழைய முறைப் பாயேயாவில் அரிசியோடு கோழியும் முயலும்தான் விழும், இறால் அல்ல. நேப்பிள்ஸ் பக்கத்து இஸ்கியா தீவில் தக்காளியும் பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்து வேகவைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடுகு விழுது. மால்டாவில் முயல் குழம்புதான் தேசிய உணவு. அந்தத் தீவை ஆண்ட வீரத்துறவிகளின் தலைவர் ஹிமெனெஸ் முயல் வேட்டைக்குத் தடை போட்டார். 1775-இல் பாதிரியார்கள் முன்னின்று நடத்திய கலகத்துக்கு முன்னால் மக்கள் மனதில் புகைந்துகொண்டிருந்த கோபங்களில் அதுவும் ஒன்று.

சரி, எவ்வளவு முயல்? இங்கேதான் ஒரு வேடிக்கை. ஐரோப்பிய ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கறிக்காக அறுக்கப்பட்டவை சுமார் 18 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்தவை, கணக்குப் புத்தகத்துக்கே வராதவை. ஒரு முயலுக்கு ஒன்றேகால் கிலோ கறி என்று வைத்தால் மொத்தம் இரண்டேகால் லட்சம் டன். ஆனால் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பட்டியலில் இத்தாலி ஒரு நாட்டுக்கு மட்டுமே பல ஆண்டுகள் இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல் எழுதியிருந்தது! ஒன்றியம் முழுவதும் அறுத்ததைவிட அதிகம். கொல்லைப்புற முயலை ஆளாளுக்கு ஒரு மதிப்பில் கூட்டியதன் விளைவு. ஆகவே முயல் பற்றி யாராவது பெரிய எண்ணைச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். விற்பனைக்கென்றே வளர்க்கும் பண்ணைகளை மட்டும் எடுத்தால் படம் தெளிவு: ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கு. மூன்றிலுமே கோடு கீழ்நோக்கித்தான் போகிறது. ஸ்பெயினில் 2012-க்கும் 2022-க்கும் இடையில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிட்டது.

இப்போது பண்ணைக்குள் போவோம். இதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும்.

பெண் முயலுக்குச் சினைக்காலம் 31 நாள். குட்டி போட்ட பதினோராவது நாளே செயற்கைக் கருவூட்டல் செய்துவிடுவார்கள். ஆக, 42 நாளுக்கு ஒரு ஈற்று. பண்ணையின் தாய் முயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கருவூட்டல், ஒரே நாள் பிரசவம், ஐந்து வாரத்தில் பால் மறக்கடிப்பது, ஒரே லாரியில் ஏற்றி அனுப்புவது. ஸ்பெயினில் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோவைத் தாண்டியதும் அனுப்பிவிடுவார்கள். பிரான்சில் பத்து வாரம், இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இத்தாலிக்காரர்கள் இன்னும் கனமாகக் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே சந்தைபோல் தெரியும். ஆனால் ஸ்பெயின் முயல் இத்தாலிக் கறிக்கடையில் பொடிசாகத் தெரியும். அங்கே பற்றாக்குறை, இங்கே மிச்சம் என்றவுடன் லாரியைத் திருப்பிவிட முடியாது.

இதோடு கோழியை ஒப்பிடுங்கள். கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டரைக் கிலோ. ஒரு கிலோ எடை கூட அதற்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ தீவனம் போதும். முயல் பண்ணையில், தாய் முயல் தின்பதையும் சேர்த்தால், கிலோவுக்கு மூன்றரைக் கிலோ ஆகிறது. முயலுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: அது தின்பதில் பெரும்பங்கு குதிரைமசால், வைக்கோல், சர்க்கரைக் கிழங்குச் சக்கை, சூரியகாந்திப் பிண்ணாக்கு. மனிதன் சாப்பிடாத நார். ஆனால் கடையில் விலைச்சீட்டைப் பார்க்கிறவருக்கு இந்த நியாயமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கித் தீவன விலை எகிறியபோது முயல் பண்ணைகள் அடிபட்டதற்கு இதுவே காரணம். கோழிக்காரருக்கும் அடிதான். ஆனால் அவர் ஒரு மடங்கு தாங்கிய இடத்தில் இவர் இரண்டு மடங்கு தாங்க வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் தோல் கொஞ்சம் கைகொடுத்தது. பாரிஸ் தெருக்களில் முயல் தோல் வாங்குபவர் கூவிக்கொண்டே போவார். அந்த ரோமத்தை அமுக்கித்தான் ஆண்களின் நல்ல ஃபெல்ட் தொப்பிகள் ஆயின. தொப்பி போடும் வழக்கம் போயிற்று. இரண்டு மாதத்தில் அறுக்கும் குட்டியின் தோலுக்கும் பெரிய மதிப்பில்லை. வரவில் ஒரு வாசல் அடைந்தது.

நோய் இன்னொரு பாடு. 1990-களின் பிற்பகுதியில் பிரான்சில் தலைகாட்டிய குடல் நோயொன்று வயிற்றை உப்பவைத்துக் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. பண்ணைகள் தீவனத்திலேயே ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து சமாளித்தன. சிறிய சந்தை என்பதால் முயலுக்கென்று புது மருந்துக்கு அனுமதி வாங்க மருந்துக் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு. 2022 ஜனவரி முதல், நோய் வருமுன்னே கூட்டமாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஒன்றியத்தின் சட்டம் கட்டுப்படுத்திவிட்டது. நியாயமான சட்டம்தான். செலவு பண்ணையாளர் தலையில்.

இனி அந்தப் 'பாசம்' விஷயத்துக்கு வருவோம். பிரிட்டன்தான் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். ஆனால் 1902-இல் வந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதையிலேயே, பீட்டரின் அப்பாவைப் பிடித்துப் பணியாரமாக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று அம்மா முயல் அலட்டிக்கொள்ளாமல் சொல்லும். நீலச் சட்டை போட்ட முயலைக் கொஞ்சிய அதே தலைமுறை முயல் கறியும் தின்றது. இரண்டாம் உலகப் போரில் ரேஷனுக்கு வெளியே கிடைத்த கறி அது. நிலைமை மாறியது 1953-இல்.

அதற்கு முந்தின ஆண்டு ஜூனில், பிரான்சின் மைபுவா என்ற ஊரில் அர்மான்-தெலீய் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் தன் தோட்டத்தைக் காட்டு முயல்கள் மேய்வது பொறுக்காமல், மிக்ஸோமா வைரஸ் ஏற்றிய இரண்டு முயல்களை அவிழ்த்துவிட்டார். சுற்றுச்சுவர் இருக்கிறது, வெளியே போகாது என்று நம்பினார். கொசுவுக்குச் சுவர் ஏது? சில ஆண்டுகளில் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பது பங்கு செத்தன. நோய் கால்வாயைத் தாண்டிப் பிரிட்டனுக்கும் போனது. முகம் வீங்கிக் கண் அடைத்துத் தெருவோரம் தடுமாறிய முயல்களைப் பார்த்த இல்லத்தரசிகள் அந்தக் கறியைக் கையால் தொடவில்லை. நோய் மனிதருக்குத் தொற்றாது என்று சொல்லியும் பயனில்லை. அருவருப்பு முதலில் வந்தது, பாசம் அந்தக் காலி இடத்தில் பின்னால் குடியேறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மருத்துவருக்கு முதலில் அபராதமும் பிறகு பதக்கமும் கிடைத்தன என்பது தனிக்கதை.

பிரான்சிலும் ஸ்பெயினிலும் கறி குறைந்தது வேறு வழியில். முழு முயலைத் தலையோடு வாங்கி, துண்டு போட்டு, ஒரு மணிநேரம் வேகவிட வேண்டும். சின்னச் சின்ன எலும்பு. அலுவலகம் முடிந்து ஏழரைக்கு வீடு திரும்புகிறவர் கோழி நெஞ்சுக்கறிப் பொட்டலத்தைத்தான் எடுப்பார். வாங்குகிறவர்களில் வயதானவர்களே அதிகம். பாட்டி சமைத்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு பேத்தி கைக்கு வரவில்லை. அதற்குப் பேத்தி முயலைக் கொஞ்சியாக வேண்டும் என்றுகூட இல்லை, சமைக்கத் தெரியாமல் இருந்தாலே போதும். இத்தாலியில் முயலைச் செல்லப் பிராணியாக அறிவித்துக் கறியைத் தடைசெய்யச் சொல்லி மிக்கேலா விட்டோரியா பிராம்பில்லா என்ற எம்.பி. சட்ட முன்வரைவு கொண்டுவந்ததுண்டு. பத்திரிகைகளுக்குத் தீனி. பண்ணைகளை மூடவைத்தது அது அல்ல.

இப்போது எல்லை தாண்டும் வியாபாரம். வெளியிலிருந்து வந்தது என்றால் அநேகமாகச் சீனா, உறைந்த கறியாக. 2002 ஜனவரியில் சீனாவின் இறால், தேன் முதலியவற்றில் குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கின் எச்சம் கண்டு ஒன்றியம் கதவை அடைத்தபோது முயலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. பிறகு கதவு திறந்தது. ஆனால் பழைய வேகம் நிலைக்கவில்லை. முயலுக்குச் சீனாவிலேயே ஆள் இருக்கிறது. சிச்சுவான் மாகாணத்தில் காரம் போட்ட முயல் தலையைத் தெருக்கடையில் உட்கார்ந்து கடிக்கிறார்கள். ஐரோப்பியர் கடைத்தட்டில் பார்க்கக் கூசுகிற அதே தலை!

ஒன்றியத்துக்குள் சுவாரஸ்யமான நாடு ஹங்கேரி. அங்கே முயல் கறியை மக்கள் அதிகம் தொடுவதில்லை. விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. வாங்குவோர் இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து. சுவிட்சர்லாந்துக்காரர் தங்கள் நாட்டு விலங்குநல விதிப்படி வளர்த்ததைக் கேட்கிறார். ஹங்கேரிப் பண்ணை அதற்கேற்பக் கொட்டிலைத் திருத்திக்கொடுத்துக் கூடுதல் விலை வாங்குகிறது.

விலை எப்படி முடிவாகிறது? ஸ்பெயினில் கட்டலோனியாவின் பெல்புச், கலிசியாவின் சில்யேடா போன்ற இடங்களில் சந்தைக் கூடங்கள் உயிர் எடைக்கு அவ்வப்போது விலை அறிவிக்கும். கோடை வெயிலில் முயல் சரியாகச் சினைப்படாது, அதனால் இலையுதிர் காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும். வசந்தத்தில் வரத்துக் கொட்டும், விலை இறங்கும். மிஞ்சியதை உறையவைத்தால் மதிப்புக் குறைந்துவிடும். மெல்லிய சந்தை இது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குலுங்கும். 2010-களில் பல ஆண்டுகள் செலவுக்கே கட்டாத விலையில் விற்றுப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்புறம் முயல் குறைந்ததும் விலை நிமிர்ந்தது. பிழைத்தவர்களுக்கு நல்ல காலம் என்று சொல்லலாம்.

சொல்லலாம், கூண்டு விவகாரம் இல்லாவிட்டால். முட்டைக்கோழிக்கும் பன்றிக்கும் தனித்தனி விதி வைத்திருக்கும் ஒன்றியத்தில் முயலுக்கென்று தனி விதி கிடையாது. 1998-இன் பொது உத்தரவு ஒன்றுதான். ஆஸ்திரியா 2012-இல் கறி முயலுக்குக் கூண்டைத் தடைசெய்தது. ஜெர்மனியும் பெல்ஜியமும் 2014-இல் தங்கள் விதிகளை இறுக்கின. பெல்ஜியத்தில் மேலே திறந்த, மேடையும் ஒளிய இடமும் உள்ள பெரிய அடைப்புகளில் கூட்டமாக வளர்க்கிறார்கள். இடமும் வேலையும் அதிகம். 2017 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் முயலுக்கும் குறைந்தபட்ச விதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கூண்டுகளை ஒழிக்கச் சொல்லி ஏறக்குறைய 14 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு 2021 ஜூனில் ஆணையம் பதில் சொன்னது: 2023-க்குள் சட்ட முன்வரைவு தருகிறோம். 2023 முடிந்தது, முன்வரைவு வரவில்லை.

முயலுக்கு அந்தக் கூண்டு நல்லதல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் காது கம்பியில் இடிக்கும். ஆனால் கலிசியாவில் அறுபதை எட்டிய ஒரு பண்ணையாளர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கூண்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய மாதிரியே வாங்கினால் சட்டம் வந்ததும் பழைய இரும்பு. பெரிய அடைப்பாகக் கட்டினால் அதற்கேற்ற விலையைத் தருகிறேன் என்று எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் எழுதிக்கொடுக்கவில்லை. வங்கி பதினைந்து வருடத் தவணை கேட்கிறது. தொழிலுக்கு வர மகனுக்கு விருப்பமில்லை. இப்படிப்பட்டவர் புதுக் கூண்டுக்கும் போகமாட்டார், அடைப்புக்கும் போகமாட்டார். அடுத்த லாரியில் தாய் முயல்களையும் சேர்த்து ஏற்றிவிடுவார். அவர் விட்ட இடத்தை நிரப்பப் பக்கத்துப் பண்ணை முயலைப் பெருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கறிக்கடைத் தட்டில் அந்த இடத்துக்குக் கோழி ஏற்கெனவே வந்தாகிவிட்டது.