முதிர்ச்சிக்கும் அளவுகோல் உண்டா?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீட்டைக் கற்பனை செய்வோம். எட்டு வயதுச் சிறுமி தாய்க்குத் துணையாகத் தார் சுற்றுகிறாள். கடைக்குச் சென்று மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறாள். விருந்தாக வந்திருக்கும் அதே வயதுச் சென்னைச் சிறுவன் பதினாறாம் வாய்பாடு வரை ஒப்பிக்கிறான். ஆனால் சட்டைப் பொத்தான் போட அம்மா வரவேண்டும்! இருவரில் முதிர்ச்சி பெற்றவர் யார்?

பிரெஞ்சு உளவியலறிஞர் பினே 1905-இல் அறிவுச் சோதனையை வகுத்தார். அதிலிருந்து ‘மனவயது’ என்னும் கருத்துப் பிறந்தது. ஆனால் வினாவுக்கு விடை சொல்வது வேறு. வாழத் தெரிவது வேறு. இதனை அளக்க முற்பட்டவர் அமெரிக்காவின் வைன்லாந்துப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய எட்கர் டால். 1935-இல் அவர் வெளியிட்ட சமூக முதிர்ச்சி அளவுகோல் பின்னர் 117 படிகளாக அமைந்தது. குழந்தை வாய்விட்டுச் சிரிப்பது முதற்படி. பொதுநலத்தை வளர்ப்பது கடைசிப் படி. இது 25 வயதுக்கு மேல் எய்துவது.

உண்ணல், உடுத்தல், நடமாட்டம், தொழில், பிறருடன் பழகுதல் முதலிய எட்டுத் துறைகள் இதில் அடங்கும். குழந்தையைக் கேள்வி கேட்பதில்லை. அதை நன்கறிந்த தாயிடமோ உறவினரிடமோ விசாரிக்கிறார்கள். ‘செய்ய முடியுமா?’ என்பதைவிட ‘வழக்கமாகச் செய்கிறதா?’ என்பதே முக்கியம். கிடைக்கும் சமூக வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சமூக ஈவு கிட்டும். பத்து வயதுக் குழந்தையின் சமூக வயது எட்டு என்றால், ஈவு 80.

நாக்பூரில் மாலின் என்பவர் இதனை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றி, 15 வயது வரைக்குமான 89 படிகளாக்கினார். அறிவுசார் குறைபாட்டை மதிப்பிட நம் நாட்டில் இது பயன்பட்டு வருகிறது. ஒரு குழந்தைக்குச் சான்றிதழும் சலுகையும் கிடைப்பதில் இந்த எண்ணுக்கும் பங்குண்டு.

ஆகவே எச்சரிக்கை தேவை. ஆறு வயதிலும் பாட்டி ஊட்டிவிடும் பிள்ளைக்குத் தானே உண்ணும் திறன் இல்லை என்று முடிவு கட்டலாமா? வாய்ப்பே கிடைக்காமலிருக்கலாம். இதற்கென டால் தனிக் குறியே வைத்திருந்தார்.

மறுபுறமும் உண்டு. கோர்வைச் சேலை நெய்கையில் கரைக்கான நாடாவை எறியச் சிறுவரை உட்காரவைக்கும் வழக்கம் காஞ்சியில் இருந்தது. கைத்திறனை முதிர்ச்சி என்று தவறாக எண்ணலாகாது. தொழில் எட்டுத் துறைகளுள் ஒன்றே.

அந்தச் சிறுவனுக்குப் பொத்தானைத் தானே போட விடுவோம். சிறுமிக்குப் படிக்கவும் விளையாடவும் பொழுது தருவோம். அளவுகோல் காட்டுவது குழந்தையை மட்டுமன்று. நாம் அதற்கு அளித்த வாய்ப்பையுந்தான்.