கொள்கையும் கலியாணப் பத்திரிகையும்

இளங்கலை மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல்

தாராளவாதம், பழமைவாதம், பொதுவுடைமை, தேசியம் என்று அரசியல் கொள்கைகளை வகுப்பில் குறிப்பெடுக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? நூல்களில் இருக்கின்றன, கட்சிகளின் அறிக்கைகளில் இருக்கின்றன என்பது சரிதான். ஆனால் நூலும் அறிக்கையும் படியாத மக்களிடம் ஒரு கொள்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை நாம் எதைக்கொண்டு அறிவது?

'ஐடியாலஜி' என்னும் சொல்லை 1796-இல் உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் டெஸ்டட் டி டிரேசி, எண்ணங்களைப் பற்றிய அறிவியல் என்ற பொருளில்தான் அதை வழங்கினார். நெப்போலியன் அதை ஏளனச் சொல்லாக்கியது பிற்கதை. அந்தப் பிரெஞ்சு நாட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. புரட்சியாளர்கள் மன்னரை ஒழித்ததோடு நிற்காமல், 1793-இல் நாட்காட்டியையும் மாற்றினார்கள். வாரத்துக்கு ஏழு நாள் போய்ப் பத்து நாள் வந்தது. ஏழு நாளுக்கொரு முறை ஓய்வு கண்ட உழைப்பாளிக்குப் பத்து நாளுக்கொரு முறை ஓய்வென்றால் எப்படி இனிக்கும்? 1806 தொடக்கத்தில் பழைய நாட்காட்டியே திரும்பிவிட்டது. ஆக, கொள்கைக்கு வைக்கப்படும் உண்மையான தேர்வு அன்றாட வாழ்க்கையில்தான். நம் தமிழகத்தில் அந்தத் தேர்வு நடந்த இடங்களுள் ஒன்று கலியாணப் பந்தல்.

இதை நான் நூலகத்தில் கற்கவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் கற்றேன். சென்ற தை மாதம் அக்காளின் திருமணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, தகரப் பெட்டி ஒன்றில் பழைய கலியாணப் பத்திரிகைகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாவது 1936-ஆம் ஆண்டினது; தாத்தாவின் அத்தையுடைய திருமணம். உச்சியில் பிள்ளையார் சுழி. பிறகு குலதெய்வத்தின் பெயர். நாழிகைக் கணக்கோடு சுபமுகூர்த்தம். இரு வீட்டார் பெயர்களின் வாலிலும் சாதிப் பட்டம். ஏழு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாவது 1959-இல் நடந்த என் அப்பத்தாவின் திருமணப் பத்திரிகை. 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்பது தலைப்பு. சுழி இல்லை, நாழிகை இல்லை, 'காலை 10 மணி' மட்டும். சாதிப் பட்டம் ஓரிடத்திலும் இல்லை. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பொதுக்கூட்ட நோட்டீசைப் போலவே இருக்கிறது. கூட்டம் போலவேதான் நடந்ததாம். பேசியவர்கள் பேசி முடிக்க மணி ஒன்றாகிவிட, பந்தியில் சாம்பார் ஆறிப்போனதை அப்பத்தா இன்றும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்.

இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரே குடும்பத்தின் பத்திரிகை இப்படி மாறியதற்குக் காரணம் சுயமரியாதை இயக்கம். 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மறு ஆண்டு செங்கல்பட்டில் கூடிய மாநாடு, சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்றும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. இவ்விரண்டில் முதலாவது விரைந்து பரவிற்று. பெயரின் வாலை வெட்டக் காசு செலவில்லை அல்லவா? இரண்டாவதற்குச் சட்டம் வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொள்கைகளை ஆராய்வோர் இந்த வேக வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாலை மாற்றிக்கொண்டதோடு அப்பத்தாவின் கதை முடிந்துவிடவில்லை. சுயமரியாதை முறையில் நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இலேயே தீர்ப்பளித்திருந்தது. சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பது அதன் காரணம். ஊரறிய வாழ்ந்தாலும், சொத்து வழக்கு என்று வந்தால் மனைவி என்ற உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும். இது தெரிந்துதான் தாத்தா துணிந்தார். அப்பத்தாவிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்துக்கு நம் சட்டமன்றம் 7ஏ என்ற திருத்தப் பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலேனும், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம்; அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று போதும். இந்த 'அல்லது' என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன். அங்கே 'மற்றும்' என்று எழுதியிருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். கொள்கையின் பாதி அங்கேயே கரைந்திருக்கும். முன்பு நடந்த திருமணங்களும் நடந்த நாள் முதலே செல்லும் என்று சட்டம் சொன்னதால், அப்பத்தா ஒன்பதாண்டு இல்லறத்துக்குப் பிறகு 1959 முதலே மனைவியானார்! இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் இப்பிரிவு பொருந்தும் என்ற எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மதம் கடந்து மணப்போர் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். அக்காளின் பத்திரிகையிலும் சாதிப் பட்டம் இல்லை. தமிழறிஞர் ஒருவர் தலைமையில், உறுதிமொழி படித்து, மாலை மாற்றித்தான் மணம் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை தேடியபோது கைமாறிய பயோடேட்டா தாளில், பெயருக்கு அடுத்த வரியே சாதி, அதற்கடுத்து உட்பிரிவு. மூன்று தலைமுறையாகப் புரோகிதரை அழைக்காத எங்கள் குடும்பம், மூன்று தலைமுறையாக ஒரே சாதிக்குள்தான் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறது. பத்திரிகை ஊருக்குக் காட்டுவது. பயோடேட்டா உள்ளறையில் புழங்குவது. ஒரு சமுதாயத்தின் கொள்கையை அறிய விரும்புகிறவர் முதலாவதை மட்டும் படித்தால் ஏமாந்துபோவார்.

அப்படியானால் அந்தச் சட்டமும் வெறும் சடங்காகிவிட்டதா? நானும் ஒருநாள் அப்படித்தான் நினைத்தேன், தவறு. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் திருமணங்களை ஏற்க முடியாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தைத் தள்ளியது. வீட்டாரின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் ஆளான இருவர் ஊரைக் கூட்டி மணம் புரிய இயலாது, 7ஏ பிரிவுக்கு அத்தகைய பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்பது அதன் நிலை. எங்கள் வீட்டில் அலங்காரமாய் நிற்கிற அதே பிரிவு, சாதி கடந்து மணந்து உயிருக்கு அஞ்சி ஓடும் இருவருக்குக் கையில் கிடைக்கும் முதல் ஆவணமாகிறது.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொல்லி, "அன்றைக்கே சாதியையும் விட்டிருக்கலாமே அப்பத்தா?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்தபடியே, "பேருக்குப் பின்னால இருந்ததை எடுத்தோம், ஐயரை எடுத்தோம். அதுக்கு மேல எடுக்க உங்க தாத்தாவுக்கும் துணிச்சல் வரல தாயி" என்றார்.

படிப்பு முடிந்ததும் என் பெயரிலும் ஒரு பயோடேட்டா தயாராகப் போகிறது. அதில் இரண்டாவது வரியை நிரப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.