கையாள்பவரைக் காக்குமா கரித்தூள்?

புதுதில்லி: படைக்கலத் தொழிற்சாலையிலோ வெடிமருந்துக் கிடங்கிலோ விபத்து நேரிடும்போதெல்லாம் விசாரணைக்கு உத்தரவிடப்படுகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. எதிரியை நோக்கி வெடிக்க வேண்டிய மருந்து, அதைக் கையாள்பவரையே ஏன் பலி கொள்கிறது என்ற கேள்வி மட்டும் நிலுவையில் நின்றுவிடுகிறது.

மகாராஷ்டிர மாநிலம் புல்காவ்ன் மத்திய வெடிமருந்துக் கிடங்கில் 2016 மே 31 அதிகாலையில் பற்றிய தீயில் 19 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள். பழுதான கண்ணிவெடிகளிலிருந்து டி.என்.டி. கசிந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. கிடங்குகளில் தீயணைப்புச் சாதனங்கள் போதாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-லேயே எச்சரித்திருந்தார். அதே மாநிலத்தின் பண்டாரா ஆலையில் 2025 ஜனவரி 24-ல் நிகழ்ந்த வெடிவிபத்தில் எட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்ததாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஆபத்தைக் குறைக்க அறிவியல் காட்டும் வழிகளில் ஒன்று கரிமம். உராய்வாலும் அதிர்ச்சியாலும் வெடிமருந்துப் படிகங்களில் நுண்ணிய வெப்பப் புள்ளிகள் தோன்றுகின்றன. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பென்சிலில் உள்ள கிராபைட் வழுவழுப்பானது. உராய்வைத் தணிக்கிறது, வெப்பத்தைப் பரப்புகிறது, நிலைமின்சாரம் தேங்காமல் கடத்திவிடுகிறது. தோட்டாக்களுக்கான உந்துமருந்துத் துகள்களுக்குக் கிராபைட் பூசுவது பழைய வழக்கம்தான். இன்று கிராபீன், கரிம நுண்குழாய் போன்றவை ஆராயப்படுகின்றன. இந்தியாவில் உயராற்றல் பொருள் ஆய்வுக்கான களம், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் புணே ஆய்வகம்.

ஆனால் கரிமம் சர்வரோக நிவாரணி அல்ல. அளவு மிகுந்தால் வெடிதிறன் குன்றும். துகள் கடினமாக இருந்தால் ஆபத்து கூடவும் செய்யும். பழைய கண்ணிவெடியின் கசிவை அது தடுக்காது. அதற்குத் தரக் கட்டுப்பாடும், காலாவதியானவற்றை உரிய நேரத்தில் அகற்றுவதுமே வழி.

படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. பண்டாரா ஆலையும் நீலகிரியின் அருவங்காடு ஆலையும் அவற்றில் ஒன்றான மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் உள்ளன. நிர்வாகம் மாறியும் விபத்து நிற்கவில்லை என்பதற்குப் பண்டாராவே சாட்சி.

பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது, இழப்பீடு எவ்வளவு என்பதை மட்டுமல்ல. எளிதில் வெடிக்காத வெடிமருந்துக்கு மாற என்ன காலக்கெடு? ஆய்வகத்தில் கண்டது ஆலைக்கு எப்போது வரும்? இதற்குப் பதில் கிடைக்காதவரை, அடுத்த விபத்துக்கும் இரங்கல் தீர்மானமே மிஞ்சும்.