இரும்பு ஆடும் வேட்டைத் துவக்கும்

தமிழகத்தார் துப்பாக்கி என வழங்குவதை யாழ்ப்பாணத்தாராகிய நாம் துவக்கு என்போம். இரண்டும் துருக்கிமொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பர். சொல் எங்கிருந்து வந்ததாயினும், 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரின் பின்னர் இம்மண்ணில் அதற்கு ஒரு பொருளே எஞ்சிற்று. மருதனார்மடத்துச் சந்தியில் நிற்கும் எவரைக் கேட்பினும் துவக்கு என்றால் சாவு என்றே சொல்வர். அக்கருவிக்குச் சாவினோடு தொடர்பில்லாத தொழிலொன்று உண்டோ என வினவுவார்க்கு விடையாக, மெக்சிக்கோ நாட்டில் தோன்றிய ஒரு விளையாட்டைப் பற்றியும், அதன்பொருட்டு வேட்டைத் துவக்கு மாற்றியமைக்கப்படும் வகையைப் பற்றியும் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

உயிரின் இடத்தில் உருவை நிறுத்துதல் நமக்குப் புதியதன்று. மானம்பூத் திருவிழாவிலே மகிடாசுரனாக நின்று வெட்டுண்பது வாழை. ஆடு நிற்கவேண்டிய இடத்தில் நீற்றுப்பூசணியை வைத்துக் குங்குமம் தடவி வெட்டுகின்றோம். கோயில்களில் உயிர்ப்பலி ஆகாதென்று ஆறுமுக நாவலர் வற்புறுத்தியதை அறியாதார் இலர். மாணாக்கரின் வில்வன்மையைச் சோதிக்க விரும்பிய துரோணரும் மரத்தின்மேல் வைத்தது செயற்கைப் பறவையொன்றையே அன்றோ?

மெக்சிக்கோ நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. விழாக்காலங்களில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகிய உயிர்களைத் தொலைவில் கட்டிவைத்துச் சுடுதல் அங்கே வழக்கமாயிருந்தது. 1948ஆம் ஆண்டில் அவ்வுயிர்களுக்குப் பதிலாக அவற்றின் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளை நிறுத்திப் போட்டி நடத்தினர். 1960களின் பிற்பகுதியில் அவ்விளையாட்டு எல்லை கடந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை அடைந்து, பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவிற்று.

அதன் விதிகள் எளியன, ஆயினும் கடியன. கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, கடா 500 மீட்டர் தொலைவில் நிற்கும். சுடுபவர் நின்றபடியே சுடவேண்டும். மரத்தில் சாய்தலும் ஆகாது, கோலில் தாங்குதலும் ஆகாது, தோள்வாரும் ஆகாது. வரிசையாக நிற்கும் 5 உருக்களை இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு வெடியாக, இரண்டரை நிமிடத்துக்குள் வீழ்த்தவேண்டும். சன்னம் பட்டும் உரு விழாது நின்றால் அது கணக்கில் வராது. கடாவின் தகடோ ஏறத்தாழ 50 இறாத்தல் எடையுடையது.

இவ்விளையாட்டுக்கு முதலில் வந்தது வேட்டைக்காரரின் றைபிளே. குழலின் உள்ளே சுரியாகத் தவாளிப்பு வெட்டப்பட்ட துவக்கு அது. காட்டில் நாள் முழுதும் தோளிற் கிடந்து, ஒருமுறையோ இருமுறையோ வெடிப்பது அதன் தொழில். இங்கோ ஒரு போட்டிக்கு 40 வெடி என்பது பெருவழக்கு. இவ்வேறுபாட்டிலிருந்தே மாற்றங்கள் யாவும் பிறக்கின்றன.

முதலாவது குழல். பல வெடிகளாற் குழல் சூடேறும். சூடேறிய குழல் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மரம் அதனை ஒருபுறம் நெருக்க, சன்னம் குறி விலகும். ஆதலால் குழலுக்கும் மரத்துக்கும் இடையே சிறு வெளி விட்டு, குழலின் அடிப்பகுதி பொருந்தும் இடத்தை மட்டும் பிசின் வார்த்து அசையாது பதிப்பர்.

இரண்டாவது தொலைநோக்கி. வேட்டைக்காரர் தம் தொலைநோக்கியை ஒரு தொலைவுக்குச் சரிசெய்து மூடிவிடுவர். இங்கே தொலைவு நான்கு. 200 மீட்டருக்குச் சரிசெய்த துவக்கு 500 மீட்டரில் ஏறத்தாழ ஓர் ஆளுயரம் தாழ்ந்தே சன்னத்தை விடும். எனவே ஒவ்வொரு தொலைவுக்கும் கையால் திருப்பத்தக்கதும், திருப்பியபின் பழைய இடத்துக்குப் பிசகாது மீள்வதுமான திருகுடைய தொலைநோக்கியைப் பொருத்துவர். உருவைப் பெரிதாக்கிக் காட்டும் ஆற்றலும் அதற்கு மிகுதியாக இருக்கும்.

மூன்றாவது பிடங்கு. தொலைநோக்கி உயர்ந்து நிற்பதால் கன்னம் மரத்திற் படியாது தவிக்கும். ஆதலின் கன்னம் படியும் இடத்தை உயர்த்துவர். நான்காவது விசை. வேட்டைத் துவக்கின் விசை தற்செயலாக இழுபடாதபடி இறுக்கமாக இருக்கும். நின்று சுடுபவர்க்கு அவ்விறுக்கமே கையை அசைத்துக் குறியைக் கெடுக்கும். தேர்ந்த துவக்குக் கம்மியர் அதனை விதி ஒப்பும் அளவுக்கு இளக்குவர். ஐந்தாவது தோட்டா. உடலினுள் விரிந்து புண்ணைப் பெரிதாக்கும் வேட்டைச் சன்னத்துக்கு இங்கே வேலையில்லை. தகட்டைத் தள்ளி வீழ்த்தும் கனமும், நாற்பது வெடிக்கும் தோள் தாங்கும் உதைப்புமே வேண்டுவன. தகட்டைத் துளைக்கும் எஃகுச் சன்னத்தை விதி விலக்குகின்றது.

மாற்றத்துக்கு எல்லையும் உண்டு. அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கத்தின் விதிப்படி, வேட்டைத் துவக்குப் பிரிவில் தொலைநோக்கியோடு சேர்த்து நிறை 9 இறாத்தலைக் கடத்தலாகாது. விசையின் இழுப்பு 2 இறாத்தலிற் குறைதலாகாது. கனத்தைக் கூட்டிக் கையின் நடுக்கத்தை மறைத்தல் இயலாது. கொடுமை நீங்கிற்று; அருமை நீங்கவில்லை.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த அம்பொன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் ஊடுருவிய செய்தியை வன்பரணர் புறநானூற்றிற் பாடினார். அது கையின் வலி. செயற்கைப் பறவையையன்றி வேறொன்றும் காணாத அருச்சுனனுடையது கண்ணின் ஒருமை. கடாவை வீழ்த்த முன்னதும், கோழியைத் தொட பின்னதும் வேண்டும். இரண்டையும் ஓருயிரும் துடியாமற் காட்டலாம் என்பதே இவ்விளையாட்டு நமக்குச் சொல்வது.

“இரும்பை வீழ்த்தும் சன்னம் உயிரையும் வீழ்த்துமே” என்பார்க்கு மறுமொழி இல்லை, அது மெய்யே. இந்நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டம் உரிமம் வேண்டுவதும் அதனாலேயே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இளகிய விசையோடு பற்றைக்குள் நடத்தல் ஆபத்து. பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி, பார்வைப் பரப்பைக் குறுக்கிவிடுதலால், அண்மையில் ஓடும் விலங்கு அதனுள் அகப்படாது. விரியாத சன்னமும் வேட்டைக்கு உதவாது. இரும்புக்கு இசையும்தோறும் துவக்கு காட்டுக்கு இசையாததாகின்றது.

துவக்கின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் குழல் அன்று. அதன்முன் நாம் எதனை நிறுத்துகின்றோம் என்பதே. நம் பிள்ளைகள் அறிந்த துவக்கின்முன் வீழ்ந்தவர் எவரும் எழவில்லை. இரும்புக் கடாவோ வீழ்ந்த சிறிது நேரத்தில், அடுத்தவர் சுடுதற்பொருட்டு, மீண்டும் நிமிர்த்தி நிறுத்தப்படுகின்றது.